நட்சத்திர விஞ்ஞானி சந்திரசேகருக்கும் டிஜிட்டல் பிசிஆர் துளிக்கும் என்ன தொடர்பு?

கொரோனா காலத்துக்குப் பிறகு பிசிஆர் என்ற சொல் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து, பாசிட்டிவா நெகட்டிவா என்று ரிசல்ட்டுக்காகத் தூங்காமல் காத்திருந்தவர்கள் நம்மில் நிறைய பேர். அந்தப் பரிசோதனையோட அடுத்த கட்டம்தான் டிஜிட்டல் பிசிஆர். கொஞ்சூண்டு மாதிரியை எடுத்து, அதை சுமார் 20 ஆயிரம் குட்டித் துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியையும் தனித்தனியாகச் சோதிக்கும் முறை இது.

சரி, இதுக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தத் துளிகளுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலைத் தேடிப் போனால், சென்னைக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பெயர் எதிரே வரும். சுப்பிரமணியன் சந்திரசேகர். கோபாலபுரத்திலிருந்து ராதாகிருஷ்ணன் சாலையைத் தாண்டினால் வருமே மயிலாப்பூர், அங்கே வளர்ந்தவர். திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூடம், மெரினாவுக்கு எதிரே மாநிலக் கல்லூரி. 1983-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம். டிஜிட்டல் பிசிஆர் கருவியை சந்திரசேகர் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கருவி வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். ஆனால், ஒரு திரவம் எப்போது துளியாக உடையும், ஒரு சின்ன இடத்துக்குள் எத்தனை துகள் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளிலும் அவர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். டிஜிட்டல் பிசிஆர் நிற்பது இந்த இரண்டு கேள்விகளின் மேல்தான். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் துளிக்கு எப்படி வந்தார்? அதுதான் இந்தக் கதை.

லாகூரில் பிறந்த மயிலாப்பூர் பையன்

1910-ம் ஆண்டு அக்டோபர் 19-ம் தேதி லாகூரில் பிறந்தார் சந்திரசேகர். அப்பா சி. சுப்பிரமணிய ஐயர், ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. வயலின் வாசிப்பார், கர்நாடக இசை பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துக் குழந்தைகளில் சந்திரசேகர் மூன்றாமவர், ஆண்களில் மூத்தவர். சித்தப்பா யார் தெரியுமா? சர் சி.வி. ராமன்.

அப்பாவின் வேலை காரணமாக லாகூர், லக்னோ என்று சுற்றிய குடும்பம் 1918-ல் சென்னைக்கு வந்தது. 12 வயது வரை வீட்டிலேயேதான் படிப்பு. 1922-ல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1925-ல் மாநிலக் கல்லூரி. மயிலாப்பூரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பெயர் சந்திர விலாஸ்.

மகன் ஐ.சி.எஸ். எழுதி அதிகாரி ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்தக் காலத்தில் படிக்கிற பையன் இருக்கும் வீட்டில் அப்படி நினைப்பது இயல்பு. அம்மா மட்டும் பையனுக்குப் பிடித்ததையே படிக்கட்டும் என்று உறுதியாக நின்றார்.

1928-ல் கோடை விடுமுறைக்குக் கல்கத்தாவில் சித்தப்பா ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். கருவிகளோடு வேலை செய்வது தனக்குச் சரிப்படாது, கணக்குதான் தன் வழி என்பது அங்கே அவருக்குப் புரிந்தது. அதே ஆண்டு ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே நேராகப் போய்விட்டார். பையன் கரைத்துக் குடித்திருந்த பாடப்புத்தக இயற்பியல் அதற்குள் பழசாகிவிட்டது, ஐரோப்பாவில் குவாண்டம் இயற்பியல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி அங்கே கிடைத்தது. வேறு யாராவது என்றால் சோர்ந்துபோயிருப்பார்கள். சந்திரசேகர் புதுசைப் படித்து, அடுத்த ஆண்டே ஆய்வுக் கட்டுரை எழுதி, அதை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வர வைத்தார். அப்போது வயது 18.

கப்பலில் போட்ட கணக்கு

1930-ல் அரசு உதவித்தொகை கிடைத்தது. கேம்பிரிட்ஜ் போக வேண்டும். அம்மாவுக்கோ உடல்நிலை மிக மோசம். போனால் திரும்ப வந்து பார்க்க முடியுமா என்ற நிலை. அந்த அம்மாவே மகனைப் போகச் சொன்னார். ஜூலை 31-ம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே மாதம் அம்மா காலமானபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார்.

அந்தக் கப்பல் பயணத்தில் போட்ட கணக்குதான் அவரை வரலாற்றில் நிறுத்தியது. கணக்கு இதுதான். சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்துபோனால் சுருங்கும். அதன் சொந்த ஈர்ப்பு விசை அதை உள்ளே அழுத்தும். உள்ளே நெருக்கியடித்து நிற்கும் எலக்ட்ரான்கள், இனி இடம் இல்லை என்று எதிர்த்து நிற்கும். இரண்டும் சமமானால் நட்சத்திரம் வெண்குள்ளனாக நின்றுவிடும். எல்லா நட்சத்திரமும் இப்படித்தான் அமைதியாக முடியும் என்று அன்றைக்கு நினைத்தார்கள்.

19 வயது சந்திரசேகர் அந்தக் கணக்கில் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்த்துப் பார்த்தார். எடை ஒரு அளவைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது என்று வந்தது. இன்று அந்த எல்லை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று கணக்கிடப்படுகிறது. அதைத் தாண்டிய நட்சத்திரம் வெண்குள்ளனாக நிற்காது, மேலும் நொறுங்கும். இதற்குத்தான் சந்திரசேகர் எல்லை என்று பெயர்.

இந்தக் கணக்கின் அடியில் இருக்கும் கேள்வியைக் கவனியுங்கள். ஒரு பொருள் இருக்கிறது. அதை அமுக்கும் விசை ஒன்று, தாங்கும் விசை ஒன்று. இது நிலையாக நிற்குமா, உடையுமா? இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1935 ஜனவரி 11: சபையில் நடந்த அவமானம்

1933-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், கூடவே டிரினிட்டி கல்லூரியில் ஃபெல்லோ பதவி. 1935 ஜனவரி 11-ம் தேதி லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தன் முடிவுகளை சந்திரசேகர் வாசித்தார். அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியல் உலகின் மிகப் பெரிய பெயர். 1919 சூரிய கிரகணத்தை வைத்து ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துக் காட்டியவர். சந்திரசேகர் கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் ஜெயித்தபோது பரிசாகக் கேட்டு வாங்கிய புத்தகம்கூட எடிங்டன் எழுதியதுதான்.

அந்த எடிங்டன், எல்லோர் முன்னாலும் அந்த முடிவைக் கேலி செய்தார். ஒரு நட்சத்திரம் அப்படி முடிவில்லாமல் நொறுங்குவதை இயற்கை அனுமதிக்காது என்பது அவர் வாதம். சபை சிரித்தது. 24 வயது இளைஞர், வெளிநாட்டு மண், எதிரே இருப்பவரோ ஊரே மதிக்கும் பெரியவர். பின்னர் நீல்ஸ் போர், பாலி போன்ற பெரிய இயற்பியலாளர்களிடம் இந்த விஷயம் போனது. சந்திரசேகர் சொல்வதுதான் சரி என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் எடிங்டனை எதிர்த்துப் பொதுவெளியில் பேச யாரும் முன்வரவில்லை.

இந்த இடத்தில் சந்திரசேகர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டு உட்காரவில்லை. தன் கணக்கு முழுவதையும் 1939-ல் ஒரு புத்தகமாக எழுதி முடித்தார். அதோடு அந்தத் துறையை மூடிவைத்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். எடிங்டன் மீது வெறுப்பும் வளர்த்துக்கொள்ளவில்லை. 1982-ல் எடிங்டனின் நூற்றாண்டுக்கு டிரினிட்டி கல்லூரியில் நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவரே சந்திரசேகர்தான்.

ஒரு துறை, ஒரு புத்தகம், அப்புறம் அடுத்தது

1936-ல் ஊருக்கு வந்து லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். லலிதாவும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், இவருக்கு ஒரு வருஷம் ஜூனியர். இளம் விதவைகளின் கல்விக்காகப் பாடுபட்ட சகோதரி சுப்பலட்சுமியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1937-ன் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசி வரை அந்தப் பல்கலைக்கழகம்தான்.

அங்கே அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒரு துறையை எடுப்பார். சில ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார். கட்டுரை கட்டுரையாக எழுதுவார். கடைசியில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு பெரிய புத்தகம். அப்புறம் அந்தப் பக்கம் அதிகம் திரும்ப மாட்டார். நட்சத்திர அமைப்பு 1939, நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம் 1942, ஒளி பரவும் விதம் 1950, திரவங்களின் நிலைத்தன்மை 1961, சுழலும் உருண்டைகள் 1969, கருந்துளை 1983. ஒருவர் ஒரு வாழ்நாளில் ஆறு வேலை பார்த்த மாதிரி.

இந்த வரிசையில் நம் துளிக் கதைக்கு இரண்டு வருஷங்கள் முக்கியம்: 1943, 1961.

1943: எண்ணுகிற கணக்கு

உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1943-ல் ஒரு இயற்பியல் இதழில் சந்திரசேகரின் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. தற்செயலாக நடக்கும் விஷயங்களை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் பொருள். நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம் தள்ளாடுவதும், தண்ணீருக்குள் ஒரு தூசி தள்ளாடுவதும் கணக்கில் உறவுக்காரர்கள் என்று அதில் காட்டினார். அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி, போலந்து இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி ஆராய்ந்த ஒரு கேள்வி பற்றியது. நுண்துகள்கள் மிதக்கும் திரவத்தில் ஒரு சின்ன இடத்தை மட்டும் உற்றுப் பார்த்தால், அதற்குள் எத்தனை துகள் இருக்கும்? ஒரு நேரம் ஒன்று, ஒரு நேரம் மூன்று, ஒரு நேரம் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு விதி உண்டு. பாய்சான் பரவல் என்று பிளஸ் டூ புள்ளியியலில் படித்திருப்பீர்களே, அதேதான்.

இப்போ டிஜிட்டல் பிசிஆருக்கு வருவோம்.

சாதாரண பிசிஆர் என்பது டிஎன்ஏ-வை நகல் எடுக்கும் வேலை. சூடாக்கி, குளிரவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை இரண்டாக்கும். 30 சுற்று சரியாக நடந்தால் ஒரு நகல் 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். இருக்கா இல்லையா என்று பார்க்க இது போதும். சரியாக எத்தனை இருந்தது என்று கேட்டால்தான் சிக்கல். எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிந்தது என்பதை வைத்து, தெரிந்த அளவுள்ள இன்னொரு மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஆயிரக்கணக்கான நல்ல டிஎன்ஏ-க்கு நடுவில் ஒன்றிரண்டு புற்றுநோய் டிஎன்ஏ ஒளிந்திருந்தால், கூட்டத்தில் அது காணாமல் போய்விடும்.

டிஜிட்டல் பிசிஆர் இதை வேறு மாதிரி அணுகுகிறது. புரிய ஒரு லட்டு உதாரணம்.

லட்டுக் கலவையில் உலர் திராட்சையைப் போட்டு நன்றாகக் கலந்து, ஒரே அளவில் 100 லட்டு பிடிக்கிறோம். மொத்தம் எத்தனை திராட்சை போட்டோம் என்று மறந்துவிட்டது. ஒவ்வொரு லட்டிலும் திராட்சை இருக்கா இல்லையா என்று மட்டும் பார்க்க முடியும், எத்தனை என்று எண்ண முடியாது. 37 லட்டில் ஒன்றுமே இல்லை, 63 லட்டில் இருக்கிறது. அப்போ மொத்தம் 63 திராட்சையா? கிடையாது. சில லட்டில் இரண்டு, மூன்று மாட்டியிருக்கும். பாய்சான் கணக்குப்படி மொத்தம் சுமார் 100. பாதி லட்டு காலியாக இருந்தால் மொத்தம் சுமார் 69. அதாவது, காலியாக இருப்பதை எண்ணினாலே மொத்தம் தெரிந்துவிடும்.

லட்டுக்குப் பதில் துளி, திராட்சைக்குப் பதில் டிஎன்ஏ. அவ்வளவுதான் டிஜிட்டல் பிசிஆர். 20 ஆயிரம் துளியில் 2,000 துளி ஒளிர்ந்தால், உள்ளே இருந்த டிஎன்ஏ நகல்கள் சுமார் 2,107 என்று கணக்கு சொல்லிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாதிரி தேவையில்லை. ஒளிர்ந்தால் ஒன்று, ஒளிராவிட்டால் பூஜ்யம். அதனால்தான் டிஜிட்டல் என்ற பெயர்.

இந்தப் பரவலைக் கண்டுபிடித்தவர் சந்திரசேகர் இல்லை. பாய்சான் 19-ம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர். ஆனால் சிதறிக் கிடந்த இந்த விஷயங்களை ஒரே இடத்தில், அடுத்த தலைமுறை எடுத்துப் பயன்படுத்தும்படி கோத்துக் கொடுத்த கட்டுரைகளில் சந்திரசேகருடையது மிகப் பிரபலமானது. இயற்பியல் தாண்டி வேதியியல், உயிரியல்காரர்கள் வரை இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

1961: எப்போது உடையும்?

லட்டுக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எல்லா லட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று நெல்லிக்காய், ஒன்று தேங்காய் என்று பிடித்தால் கணக்கு கந்தலாகிவிடும். அப்படியானால் 20 ஆயிரம் துளியையும் ஒரே அளவில் உண்டாக்குவது எப்படி? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

சமையலறைக் குழாயை மெல்லியதாகத் திறந்து பாருங்கள். மேலே கண்ணாடிக் கம்பி மாதிரி வரும் தண்ணீர், கீழே போகப் போகத் துளித்துளியாக அறுந்துவிடும். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். அதுதான் பரப்பு இழுவிசை. நீளமான கம்பியைவிட, அதே அளவு தண்ணீர் உருண்டைகளாக இருந்தால் மேற்பரப்பு குறைவு. அதனால் கம்பியில் ஒரு சின்ன நெளிவு விழுந்தால் போதும், அது பெரிதாகி, இடுப்பு ஒடுங்கி, அறுந்துவிடும்.

பெல்ஜியம் நாட்டு பிளாட்டோ 1873-ல் இதைச் சோதித்து எழுதினார். 1879-ல் இங்கிலாந்தின் ரேலி பிரபு கணக்கை முடித்தார். விதி எளிமையானது. நெளிவின் நீளம், தண்ணீர்க் கம்பியின் சுற்றளவைவிட அதிகமாக இருந்தால் அது வளரும், குறைவாக இருந்தால் அடங்கிவிடும்.

1950-களில் சந்திரசேகர் கையில் எடுத்தது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். அடியில் சூடாகும் திரவம் எப்போது புரளத் தொடங்கும்? சுழலும் திரவம் எப்போது நிலை தடுமாறும்? கனமான திரவம் லேசான திரவத்தின் மேல் இருந்தால் என்ன ஆகும்? காந்தப்புலம் சேர்ந்தால் எல்லாம் எப்படி மாறும்? 1961-ல் இவை ஒரு பெரிய புத்தகமாக வந்தன. அதில் ஒரு முழு அத்தியாயம் திரவத் தாரைகளின் நிலைத்தன்மைக்கு. ரேலியின் கணக்கோடு நிற்காமல், திரவம் கெட்டியாக, பாகு மாதிரி இருந்தால் என்ன ஆகும், ஒரு திரவத்துக்குள் காலியான குழாய் மாதிரி ஒன்று ஓடினால் என்ன ஆகும் என்பது வரை அதில் இருக்கிறது. நான்கு வருஷம் கழித்து, 1965-ல், சுழலும் திரவத் துளி எப்போது நிலை குலையும் என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்தப் புத்தகத்தின் பின்னால் இன்னொரு மனிதரும் இருக்கிறார். டோனா எல்பர்ட். யெர்க்கீஸில் கணக்கிடும் வேலைக்குச் சேர்ந்து, 30 ஆண்டுகள் சந்திரசேகரோடு வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் கைக்கு வராத காலத்தில் அந்தப் புத்தகத்தின் எண் கணக்குகளைப் பெரும்பாலும் கையாலேயே போட்டவர் இவர்தான். புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இல்லை. அவருடைய பங்கு என்ன என்பதை இப்போதுதான் ஆய்வாளர்கள் தேடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சிப்புக்குள் என்ன நடக்குது?

டிஜிட்டல் பிசிஆரின் துளி உண்டாக்கும் சிப் ஒரு தீப்பெட்டி அளவுகூட வராது. உள்ளே முடி தடிமன் அளவில் வாய்க்கால்கள். மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று இந்தத் துறைக்குப் பெயர். நடு வாய்க்காலில் நோயாளியின் மாதிரி கலந்த நீர்க் கரைசல் வரும். இரண்டு பக்கமும் எண்ணெய் வரும். மூன்றும் சந்திக்கும் இடத்தில் எண்ணெய் இரண்டு பக்கத்திலிருந்தும் நீரை நெருக்கும். நீரின் கழுத்து மெலியும், மெலியும், கடைசியில் பட்டென்று அறும். ஒரு துளி ரெடி. அடுத்த நொடியே அடுத்த துளி. தீபாவளிக்குப் பூந்திக் கரண்டியில் மாவை ஊற்றித் தட்டினால் எண்ணெயில் முத்து முத்தாக விழுமே, கிட்டத்தட்ட அந்தக் காட்சிதான். ஆனால் இங்கே ஒவ்வொரு முத்தும் ஒரே அளவு.

ஒரு துளியின் கொள்ளளவு ஒரு நானோலிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. குறுக்களவு சுமார் 0.12 மில்லிமீட்டர். 20 மைக்ரோலிட்டர் மாதிரியிலிருந்து 20 ஆயிரம் துளிகள் வரும்.

குழாய்த் தண்ணீருக்கான ரேலியின் விதி சிப்புக்குள் அப்படியே செல்லுபடியாகாது. அங்கே வாய்க்கால் சுவரின் நெருக்கமும், எண்ணெயின் அழுத்தமும், பாகுத்தன்மையும் சேர்ந்து வேலை செய்யும். எண்ணெயின் வேகத்தைக் கூட்டினால் துளி சிறிதாகும். மிக அதிகமாகக் கூட்டினால் நீர் நீளக் கம்பியாக ஓடி, எங்கேயோ போய் ஒழுங்கில்லாமல் உடையும். ஒழுங்காக உடையும் வேகம் எது, ஒழுங்கு கெடும் வேகம் எது என்ற எல்லையைத் தெரிந்துகொண்டால்தான் கருவி செய்ய முடியும். நிற்குமா, உடையுமா என்ற அதே கேள்வி. அதனால்தான் திரவத் தாரைகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் 1961 புத்தகத்தின் பெயர் இப்போதும் வந்துகொண்டே இருக்கிறது.

துளிகள் உருவான பிறகு, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க சோப்பு மாதிரி வேலை செய்யும் ஒரு பொருள் எண்ணெயில் கலந்திருக்கும். அப்புறம் பிசிஆர் இயந்திரத்தில் 95 டிகிரி வரை சூடாக்கிக் குளிரவைப்பார்கள். தேடுகிற டிஎன்ஏ இருந்த துளிகள் மட்டும் ஒளிரும். கடைசியில் துளிகள் வரிசையாக ஒரு ஒளி உணரியைக் கடந்து போகும். அது ஒவ்வொன்றாக எண்ணிவிடும்.

சென்னைக்கு வந்த சந்திரசேகர்

1953-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றாலும் ஊரோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. 1962 ஜனவரி 3-ம் தேதி, தான் படித்த மாநிலக் கல்லூரிக்கு வந்து சென்னையின் கணித அறிவியல் கழகத்தைத் தொடங்கிவைத்தார். மேட்சயின்ஸ் என்று மாணவர்கள் சொல்லும் அந்த நிறுவனம் இப்போது தரமணியில் இருக்கிறது. திரவப் புத்தகம் வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. 1968-ல் இந்திய அரசு பத்ம விபூஷண் கொடுத்தது. அதே சென்னையில், கிண்டி ஐஐடி வளாகத்தில் இன்று மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் ஆய்வுகள் நடக்கின்றன.

ராமானுஜத்துக்கும் இவர் செய்த ஒரு காரியம் உண்டு. ராமானுஜத்தின் நல்ல புகைப்படம் வேண்டும் என்று கணிதமேதை ஹார்டி கேட்டிருந்தார். 1936-ல் சென்னை வந்தபோது ராமானுஜத்தின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய், பாஸ்போர்ட்டில் இருந்த படத்தை வாங்கிக் கொடுத்தார் சந்திரசேகர். பாடப்புத்தகங்களில் நாம் பார்க்கும் ராமானுஜம் முகம் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

1983-ம், 1999-ம்

காலம் எடிங்டன் பக்கம் நிற்கவில்லை. 1967-ல் நியூட்ரான் நட்சத்திரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1970-களில் கருந்துளைக்கான ஆதாரங்கள் வரத் தொடங்கின. கப்பலில் போட்ட கணக்கு சரிதான் என்று உலகம் ஒப்புக்கொண்டது. 1983-ல் வில்லியம் ஃபௌலரோடு சேர்த்து சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கணக்குப் போட்டு 53 வருஷம் கழித்து.

அதே 1983-ல்தான் அமெரிக்காவில் கேரி முல்லிஸ் பிசிஆர் என்ற யோசனையைக் கண்டுபிடித்தார். இரண்டும் சம்பந்தமில்லாத நிகழ்வுகள். சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21-ம் தேதி சிகாகோவில் காலமானார். அந்த ஆண்டுகூட நியூட்டனின் பிரின்சிபியா பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். லலிதா 2013 வரை வாழ்ந்தார்.

1999 ஜூலை மாதம் நாசா விண்ணில் செலுத்திய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர் வைத்தார்கள். அது போய் இரண்டு வாரத்துக்குள், டிஜிட்டல் பிசிஆர் என்ற பெயரைத் தலைப்பாகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பெர்ட் வோகெல்ஸ்டைன், கென்னத் கின்ஸ்லர் என்ற புற்றுநோய் ஆய்வாளர்கள். அவர்கள் பயன்படுத்தியது துளி இல்லை, சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டு. மைக்ரோஃப்ளூயிடிக் சிப் வந்த பிறகுதான் நூற்றுக்கணக்கான குழிகள், ஆயிரக்கணக்கான துளிகளாக மாறின. 20 ஆயிரம் துளி போடும் கருவி 2011-ல் சந்தைக்கு வந்தது.

இதனால் நமக்கு என்ன?

புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கா என்பதுதான் அந்தக் குடும்பத்தின் அடுத்த பயம். கட்டி உதிர்க்கும் டிஎன்ஏ ரத்தத்தில் மிகக் குறைந்த அளவில் ஓடும். ஸ்கேனில் தெரியாத அளவையும் சில சமயம் டிஜிட்டல் பிசிஆர் எண்ணிக் காட்டும். ரத்தப் புற்றுநோயில் சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சியிருக்கும் செல்களைத் தேடவும், கழிவுநீரில் வைரஸ் அளவைக் கண்காணிக்கவும் இதே முறை பயன்படுகிறது. சாதாரண பிசிஆரைவிடச் செலவு அதிகம் என்பதால் எல்லா லேபிலும் இது கிடைக்காது. உங்களுக்குத் தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திரவங்கள் பற்றிய புத்தகம் வந்தது 1961. துளிக் கருவி கடைக்கு வந்தது 2011. நடுவில் 50 வருஷம். 1961-ல் யாராவது அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, இந்தத் தண்ணீர்க் கணக்கால் எந்த நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் எழுதியவரிடமே பதில் இருந்திருக்காது. பயன் என்ன என்று முதலிலேயே சொல்லாத ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று இன்றும் கேட்கிறோம். அடிப்படை இயற்பியல் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் வேலை கிடைக்குமா என்று கேட்கிறோம். நியாயமான கேள்விகள்தான். ஆனால் சில கணக்குகளுக்குப் பதில் வர, கணக்குப் போட்டவரின் ஆயுள் போதாது. சபை சிரித்ததும் வீட்டுக்குப் போய்விடாமல், வேறொரு மேஜைக்கு நகர்ந்து உட்கார்ந்த ஒருவரின் கணக்கு, இன்று ஏதோ ஒரு நோயாளியின் ரத்தத் துளியை எண்ணுவதற்குப் பின்னணியில் இருக்கிறது.